நைல் நதித் தெய்வங்களும் நம் நாட்டுப் பத்தினியும்

(உயர்தரம், கலைப் பிரிவு)

எகிப்து என்றதும் எமது வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று ஞாபகத்துக்கு வரும். வாப்பாவுக்கு ஒராபி பாஷா. 1882இல் எகிப்தில் எழுந்து தோற்று, 1883 ஜனவரியில் தோழர்களுடன் கொழும்புக்கு நாடு கடத்தப்பட்டு, 1901 வரை இந்த நாட்டிலேயே வாழ்ந்தவர் அவர். 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவானபோது சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோருக்குத் துணை நின்றவரும் அவரே. உம்மாவுக்கு ஞாபகம் வருவது அல்-அஸ்ஹர். தம்பிக்கு உதைபந்தாட்ட வீரர் முஹம்மத் ஸலாஹ். எனக்கோ, கடந்த ஒரு வருடமாக, நரித்தலை கொண்ட ஒரு மனிதன்.

அவன் பெயர் அனுபிஸ். தவணை விடுமுறையில் என் குறிப்புக் கொப்பியில் அவனைப் பென்சிலால் கீறி வைத்திருந்தேன். சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த உம்மம்மா அதைக் கண்டுவிட்டார்.

"என்ன மகள் இது, நாய்த் தலையோட மனுசனக் கீறி வெச்சிரிக்காய்? தொழுற அறையில இதையா வெக்கிற?"

கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஆனால் உம்மம்மா விடவில்லை. "இந்தப் பொய்த் தெய்வங்கள என்னத்துக்குப் படிக்கணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரை உருவானது. இதை வாசிக்கும் பெற்றோர் சிலரும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும் என்பதால் முதலில் அதற்கு வருகிறேன்.

உம்மம்மாவுக்கு ஸூரா யூஸுப் மனப்பாடம். சிறையில் இருந்த இரண்டு தோழர்களிடம், பல இறைவர்கள் சிறந்தவர்களா, ஏகனான அல்லாஹ் சிறந்தவனா என்று யூஸுப் (அலை) அவர்கள் கேட்டது அந்த ஸூராவில் வருகிறது. "அந்தப் பல இறைவர்கள் யாரெண்டு உங்களுக்குத் தெரியுமா உம்மம்மா?" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "தெரியாதே" என்றார். "இவங்கதான்" என்று லாச்சியைக் காட்டினேன்.

பிர்அவ்னைப் பற்றியும் அவ்வாறே. அவன் தன்னையே மிக உயர்ந்த இறைவன் என்று மக்களிடம் அறிவித்ததாக அல்குர்ஆன் கூறுகின்றது. சிறுவயதில் மத்ரஸாவில் இதைக் கேட்டபோது, தலைக்கனம் பிடித்த ஒருவன் ஏதோ உளறியதாகவே நினைத்தேன். எகிப்திய வரலாற்றைப் படித்த பிறகுதான் அது உளறல் அல்ல, அந்நாட்டின் அரச கொள்கையே அது என்பது விளங்கியது. அரியணையில் இருக்கும் மன்னனே பருந்துத் தெய்வமான ஹோரஸ். அவனே சூரியத் தெய்வம் ராவின் மகன். மன்னனின் பட்டப் பெயர்களிலேயே இவை எழுதப்பட்டன. மூஸா (அலை) அவர்கள் ஒரு தனி மனிதனின் கர்வத்துக்கு எதிராக மட்டும் போய் நிற்கவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழைமையுள்ள ஒரு அமைப்பின் முன் போய் நின்றார்கள்.

இன்னொரு விடயமும் எனக்கு வியப்பளித்தது. யூஸுப் (அலை) காலத்து மன்னனை அல்குர்ஆன் 'மலிக்', அதாவது அரசன் என்றே அழைக்கின்றது. மூஸா (அலை) காலத்தவனைத்தான் பிர்அவ்ன் என்கின்றது. எகிப்திய மொழியில் அச்சொல்லின் மூலம் 'பெரிய வீடு' எனப் பொருள்படும். முதலில் அது அரண்மனையைக் குறித்தது; மன்னனையே குறிக்கத் தொடங்கியது புதிய இராச்சிய காலத்தில்தான். இதைச் சொன்னதும் உம்மம்மா "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். அதன் பிறகு என்னைத் தடுக்கவில்லை.

இனி அந்த நரித்தலைக்கு வருவோம். எகிப்தியர் ஏன் தெய்வங்களுக்கு மிருகத் தலை வைத்தார்கள்? அவர்களுடைய எழுத்தே படங்களால் ஆனது. தெய்வ உருவமும் அதுபோல வாசிக்க வேண்டிய ஓர் அடையாளமே. பாலைவன ஓரத்து மயானங்களில் இரவில் நரிகள் திரிந்தன. எனவே மையித்துகளைக் காப்பவன் அனுபிஸ் நரித்தலை பெற்றான். நைலில் ஆளை இழுத்துச் செல்லும் முதலை ஸோபெக் ஆனது. வீட்டில் எலி பிடிக்கும் பூனை பாஸ்தெத். குட்டியைக் காக்க எதையும் எதிர்க்கும் நீர்யானை தவெரெத், பிள்ளை பெறும் பெண்களின் காவல். சேற்றில் அலகால் கிளறும் அரிவாள் மூக்கன் பறவை தோத், எழுத்துக்கும் அறிவுக்கும் உரியவன். நைல் கரையில் என்னென்ன அசைந்தனவோ, எதற்கெல்லாம் மனிதன் பயந்தானோ, எதிலெல்லாம் பயன் கண்டானோ, அத்தனையையும் வணங்கினான் என்றே எனக்குத் தோன்றுகிறது. வருடா வருடம் கோடையில் பெருகிக் கறுப்பு மண்ணை விட்டுச் செல்லும் வெள்ளத்துக்கும் ஒரு தெய்வம் இருந்தது. ஹாபி என்று பெயர். நாட்டையே அவர்கள் 'கெமெட்', கறுப்பு நிலம், என்றுதான் அழைத்தார்கள்.

ஊர் பெருத்தால் ஊர்த் தெய்வமும் பெருத்தது. தீப்ஸ் நகரத்தின் சிறு தெய்வமாக இருந்த அமுன், அந்நகர மன்னர்கள் நாடு முழுவதையும் ஆளத் தொடங்கியதும் ராவுடன் இணைந்து 'அமுன்-ரா' ஆகித் தெய்வங்களின் அரசனானான். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்னாத்தன் என்ற மன்னன் மற்றவர்களை ஒதுக்கிவிட்டு, அதோன் என்ற சூரிய வட்டத்தை மட்டும் வணங்க முனைந்தான். அவன் இறந்ததும் எல்லாம் பழையபடி. அவனுக்குப் பின் வந்த சிறுவயது மன்னனின் பெயரே துத்தன்காத்தன் என்பதிலிருந்து துத்தன்காமன் என்று மாறிவிட்டது; அதோன் போய் அமுன் வந்து உட்கார்ந்ததை அந்தப் பெயரிலேயே காணலாம். அக்னாத்தனை ஏகத்துவவாதி என்று சிலர் எழுதுகிறார்கள். சூரியனை வணங்குவதை எப்படி ஏகத்துவம் என்பது? எனக்கு அது உடன்பாடில்லை.

இவர்கள் எல்லோரிலும் மக்கள் மனதில் நீண்ட காலம் நிலைத்தது ஐசிஸின் கதையே. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எகிப்தியர் இதைத் துண்டு துண்டாகவே எழுதி வைத்தனர். முழுக் கதையாகச் சொன்னவர் புளூட்டாக் என்ற கிரேக்கர்.

ஒசைரிஸ் நல்ல அரசன். அவன் தம்பி சேத் பொறாமைக்காரன். அண்ணனின் உடல் அளவுக்குச் சரியாக அழகிய பெட்டி ஒன்றைச் செய்து, விருந்து வைத்து, யாருக்கு இது பொருந்துகிறதோ அவருக்கே பெட்டி சொந்தம் என்றான். ஒசைரிஸ் படுத்ததும் மூடியை அறைந்து நைலில் விட்டான். பெட்டி கடலுக்குப் போய் இன்றைய லெபனானில் உள்ள பிப்லொஸில் கரை ஒதுங்கியது. மனைவி ஐசிஸ் ஊர் ஊராக அழுது அலைந்து அதைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்தாள். ஒரு நிலவிரவில் வேட்டைக்கு வந்த சேத் அதைக் கண்டான்; உடலை 14 துண்டுகளாக வெட்டி நாடெங்கும் வீசினான். ஐசிஸ் நாணல் ஓடத்தில் ஏறி மறுபடியும் தேடப் புறப்பட்டாள். ஒன்றை மட்டும் மீன் தின்றுவிட்டது, மற்றவற்றைச் சேர்த்தாள். ஒசைரிஸ் உயிர் பெற்றான், ஆனால் இந்த உலகில் வாழ அல்ல. இறந்தோரின் உலகுக்கு அரசனாக. அவர்களுடைய மகன் ஹோரஸ் சதுப்பு நிலத்தில் ஒளித்து வளர்க்கப்பட்டு, பின்னர் சேத்துடன் போராடி அரியணையை மீட்டான்.

அந்த மறு உலகில்தான் நரித்தலை அனுபிஸுக்கு வேலை. இறந்தவனின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும், நீதியின் அடையாளமான ஓர் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பான். தோத் எழுதிக்கொள்வான். பாவத்தால் இதயம் கனத்தால், முதலை வாயும் சிங்க உடலும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட அம்மித் அதை விழுங்கிவிடும்.

"மீஸான்" என்றார் உம்மம்மா உடனே. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எகிப்தியர் வண்டு வடிவக் கல் ஒன்றில் மந்திரம் எழுதி மையித்தின் நெஞ்சில் வைத்தார்கள். என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்பதுதான் அந்த மந்திரத்தின் சாரம். இதைக் கேட்டு உம்மம்மா சிரித்துவிட்டார்.

"அங்க கையும் காலுமே பேசும் மகள். நெஞ்சுக்கு மட்டும் வாயக் கட்டி என்ன பிரயோசனம்?"

இவ்வளவும் படித்துக்கொண்டிருந்த வேளையில்தான் தமிழ்ப் பாடத்தில் சிலப்பதிகாரம் வந்தது. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த கண்ணகி மதுரைத் தெருக்களில் அழுது அலைந்து, வெட்டுண்டு கிடந்த கோவலனைக் காண்கிறாள். அவள் தழுவியதும் அவன் எழுந்து, அவளது கண்ணீரைத் துடைத்துவிட்டு வானுலகம் போய்விடுகிறான். பிறகு வழக்குரைத்தல், மதுரை எரிதல், சேரநாட்டில் செங்குட்டுவன் சிலை எடுத்தல். அந்த விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் வந்ததாக நூல் கூறுகின்றது. அலைந்து தேடிய மனைவி, வெட்டுண்ட கணவன், எழுந்து மறு உலகம் போதல்! ஐசிஸ் கதையை வாசித்த கண்ணுக்கு இது தப்புமா? பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்டதாக மகிழ்ந்துபோனேன். என் மகிழ்ச்சி இரண்டு நாள்தான் நீடித்தது. ரிச்சர்ட் ஃபைன்ஸ் என்ற ஆய்வாளர் இதே ஒப்புமையை வைத்து, ஐசிஸ் வழிபாட்டின் கருத்து உரோமர் கால எகிப்திலிருந்து கடல் வழியே வந்து பத்தினி வழிபாட்டில் கலந்தது என்று 1993இலேயே றோயல் ஆசிய சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிவிட்டார்.

அதற்கு முன், 1984இல், எமது நாட்டுப் பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி ஒரு பெருநூல் எழுதியிருந்தார். சிங்களக் கிராமங்களின் சடங்கு நாடகமொன்றில் பத்தினி தன் கணவன் பாலங்கவை உயிர்ப்பித்து எழுப்புகிறாள். இளங்கோவடிகள் ஓரிரு அடிகளில் கடந்துவிட்ட காட்சி அங்கே பெரிய நாடகமாகவே நிற்கிறது. மேற்காசியாவின் இறந்து எழும் கணவன் கதைகளுடன் அவர் அதை ஒப்பிட்டார்.

கொழும்புப் பிள்ளைகளாகிய எமக்குப் பத்தினி தூரத்து ஆள் அல்ல. கடுவலைக்கு அப்பால் நவகமுவையில் அவளுக்குப் பெயர்பெற்ற தேவாலயம் உண்டு. கண்டிப் பெரஹராவில் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களில் ஒன்று அவளுடையது. தமிழ் மக்கள் வற்றாப்பளையிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி அம்மனாக வணங்குகிறார்கள். அம்மை நோய் கண்டால் அம்மாள் வருத்தம் என்பார்கள். ஒரே தெய்வத்தைப் பௌத்தரும் இந்துக்களும் வணங்கும் நாட்டில் நாம் வாழ்கிறோம். அவள் யார் என்று தெரியாமல் அயலவரை எப்படித் தெரிந்துகொள்வது?

சரி, ஃபைன்ஸ் சொல்வது உண்மையா? ஒரு கதை இன்னொரு நாட்டுக்குப் போனது என்று சொல்ல, ஒற்றுமை மட்டும் போதாது. போக வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

வழி இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மம்மியின் மூக்குத் துவாரத்தில் மிளகு மணிகள் இருந்தன. மிளகு அக்காலத்தில் எங்கள் பக்கத்துச் சரக்கு. செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய எகிப்தியத் துறைமுகத்தில், செராபிஸ் கோயிலில், 7.5 கிலோகிராம் மிளகுடன் இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. அதே பெரனிகேயிலும், குஸைர் அல்-கதீம் என்ற மற்றத் துறைமுகத்திலும் தமிழ்-பிராமி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்துள்ளன. குஸைரில் கிடைத்த பெயர்கள் கணன், சாதன். ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முன், எகிப்தின் மண்ணில் இருந்து ஒரு தமிழன் தன் பானையில் தன் பெயரைக் கீறியிருக்கிறான்! நாங்கள் தண்ணீர்ப் போத்தலில் பெயர் எழுதுவது போல.

இன்னும் பெரிய செய்தி 2022இல் கிடைத்தது. பெரனிகேயில் உள்ள ஐசிஸ் கோயிலின் முன்றலில் ஒரு புத்தர் சிலை தோண்டி எடுக்கப்பட்டது. உயரம் 71 சென்ரிமீற்றர். இன்றைய துருக்கிப் பக்கத்துச் சலவைக்கல்லில் செதுக்கப்பட்டது. ஐசிஸின் வாசலில் புத்தர்! ஆக, எகிப்தில் தங்கிய எங்கள் பக்கத்து வணிகர்கள் ஐசிஸை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அவளும் அக்காலத்தில் கடலோடிகளின் தெய்வமாகிவிட்டிருந்தாள். மார்ச் 5ஆம் திகதி கப்பல் பயணக் காலத்தைத் திறந்து வைக்கும் விழா அவளுடையதே. எகிப்திலிருந்து வந்த கப்பல்கள் மிளகு ஏற்றியது சேரநாட்டு முசிறியில்; பத்தினிக்குச் சிலை எடுத்த செங்குட்டுவனின் நாடும் அதுவே. வழியும் உண்டு, காலமும் இடமும் பொருந்துகின்றன.

ஆனாலும் நான் முழுமையாக நம்பவில்லை. பெரனிகேயில் புத்தர் கிடைத்தது போல எங்கள் கரைகளில் ஓர் ஐசிஸ் சிலை கிடைத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. கயவாகுவைப் பற்றிப் பாடும் மகாவம்சமே அவன் பத்தினியைக் கொண்டு வந்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கதை பிற்கால இராஜாவலியவில்தான் வருகிறது. கதையின் உள்ளே பார்த்தாலும், ஐசிஸ் ஓர் அரசி, மந்திரம் தெரிந்தவள், கணவனை உயிர்ப்பிக்கவே போராடுகிறாள். கண்ணகியோ வணிகன் மனைவி. அவளிடம் மந்திரம் இல்லை. ஒற்றைச் சிலம்பும் ஒரு கேள்வியும்தான். அவள் கேட்பது உயிரை அல்ல, நீதியை. அரசவையில் போய் நின்று அரசனையே குற்றவாளி ஆக்கும் பெண்ணை ஐசிஸ் கதையில் நான் காணவில்லை.

இவற்றை எல்லாம் விட, என்னை மாற்றியது உம்மம்மா சொன்ன ஒரு விடயம். பெட்டியைத் தேடி ஐசிஸ் அலைந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். 2004 டிசம்பர் 26இல் சுனாமி சாய்ந்தமருதை அடித்துப் போனபோது அவருடைய தங்கையின் கணவர் காணாமல் போனார். நான் அப்போது பிறக்கவே இல்லை. அந்த மனுசி மூன்று நாட்கள் கடற்கரையில் கால் வெறுமையாக நடந்து, கிடந்த ஒவ்வொரு மையித்தின் முகத்துணியையும் தூக்கிப் பார்த்தாராம். காரைதீவுப் பக்கம் வரைக்கும் போனாராம். அங்கே தமிழ்ப் பெண்களும் அதே மாதிரி நடந்துகொண்டிருந்தார்களாம். ஒருவரிடம் ஒருவர், என்ன சாரன், என்ன சேர்ட் என்று அடையாளம் கேட்டுக்கொண்டார்களாம். கடைசியில் ஒரு தமிழ்ப் பெண்தான் கட்டம் போட்ட சாரனைக் கண்டு ஆள் அனுப்பினார்.

"அதுக்கு எகிப்துல இருந்து கப்பல் வரணுமா மகள்?" என்று கேட்டார் உம்மம்மா.

ஃபைன்ஸுக்கு இதைவிடக் கடினமான கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். கடலிலோ களத்திலோ ஆணைப் பறிகொடுத்த பெண் தேடி அலைவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எல்லா ஊரிலும் கதையாகிறது. அப்படியானால் ஒப்பிடுவதே வீண் வேலையா? இல்லை. தேடல் இந்தக் கரையிலேயே பிறந்திருக்கலாம்; பாலங்கவை எழுப்பும் அந்தச் சடங்கு மட்டும் வெளியிலிருந்து வந்திருக்கலாம். என் முடிவு இப்போதைக்கு இதுதான். முசிறிப் பக்கத்திலோ மாந்தையிலோ நாளை ஒரு சிறு ஐசிஸ் உருவம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.

ஐசிஸின் கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். எகிப்தின் தென் எல்லையில் ஃபிலே தீவில் இருந்த அவளது கோயிலில்தான் கி.பி. 394இல் கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு வெட்டப்பட்டது. கிறிஸ்தவப் பேரரசர் ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் அதை மூடினார். ஆகவே அம்ரு இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் எகிப்துக்கு வந்தபோது அந்தத் தெய்வங்களை வணங்குவோர் இருக்கவில்லை, கற்கள்தான் இருந்தன. அந்தக் கற்களை முஸ்லிம் அறிஞர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அப்துல் லதீஃப் அல்-பக்தாதி நல்ல உதாரணம். கி.பி. 1200 அளவில் கெய்ரோவில் வாழ்ந்த இந்த மருத்துவர் பிரமிட்டுகளையும் மெம்பிஸ் இடிபாடுகளையும் நேரில் போய்ப் பார்த்தார், சிலைகளின் உடல் அளவுகள் எவ்வளவு சரியாக இருக்கின்றன என்று வியந்து எழுதினார், அவற்றை உடைப்பவர்களைக் கண்டித்தார். அவரது ஈமானுக்கு ஒன்றும் ஆகவில்லை. லக்சர் கோயிலின் உள்ளேயே அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது; பழைய தூண்களுக்கு நடுவில் அதான் கேட்கிறது.

உம்மம்மா ஊருக்குப் புறப்படும் அன்று காலையில், பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று கேட்டார்.

"அந்தப் பொண்டு கடைசியில மையத்த அடக்கிச்சா?"

அடக்கினாள் என்றேன். ஒவ்வொரு துண்டையும் கிடைத்த இடத்திலேயே அடக்கினாள் என்று புளூட்டாக் எழுதியிருக்கிறார். அதனால்தான் எகிப்தில் பல ஊர்கள் ஒசைரிஸின் கப்று எங்களிடம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டன.